மூத்தவள் இறங்குமிடம்

வீடு
மழை மாதம், 3

அன்புள்ள சவாரிக்காரிக்கு,

ஊரே உன்னை அப்படித்தான் சொல்கிறது. நானும் எழுதிப் பார்த்தேன். கட்டிய மனைவிக்கு எழுதுகிற மாதிரி இல்லை, அரசாங்கத்துக்கு மனு போடுகிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அதை அடித்துத் திருத்தவில்லை. ஏற்கெனவே நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கொட்டகையின் மேற்கு மூலையில் ஓடு விலகி ஒழுகுகிறது. சரி செய்யலாம் என்று ஏணியில் இரண்டாம் படிவரை ஏறினேன். அங்கிருந்து பார்த்தபோது ஒழுகல் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. இறங்கி வாளியை வைத்துவிட்டேன்.

அடுத்தது சுவர். நம் படுக்கையறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறதே, அது. வீட்டோடு மாப்பிள்ளையாக இங்கே வந்த நாளிலிருந்து அந்தச் சுவர் குளிர்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் மூத்தவள் சாய்ந்து படுத்திருப்பாள். இந்தப் பக்கம் நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். இப்போது சாய்ந்தால் சில்லென்று இருக்கிறது. கல் என்றால் குளிரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மூத்தவள் என்ற பெயரை நான்தான் வைத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு முன்பே இந்த வீட்டில் இருந்தவள், உன் மனசிலும் எனக்கு முன்பே இருந்தவள், ஆகவே நான் இளையதாரம் என்று சொன்னேன். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். சிறகை விரித்தால் ஒரு தெருவையே மூடிவிடும், தும்மினால் வைக்கோற்போர் பற்றிக்கொள்ளும் ஒரு பறவைநாகத்துக்குப் பட்டப்பெயர் வைத்தவன், அதன் முன்னால் தீனிக்கூடையோடு நிற்கும்போது மட்டும் கால் நடுங்கி வாய்ப்பாடு சொல்வேன். பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். நேற்றுக் காலை பழக்கதோஷத்தில் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போய் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டேன். உள்ளே யாருமில்லை என்பது மூன்றாம் வரியில் உறைத்தது. ஆனாலும் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

மலைக்கு அப்பால் இருந்து படை கிளம்பிவிட்டது என்று கடைத்தெருவில் பேச்சு. கணவாய் மேல்கரைக்காரர்கள் கையில் இருக்கிறது. ஆள்பலமும் நாகமும் கீழ்கரைக்காரர்களான நம்மிடம். அரசரின் மகன்கள் இருவரும் அடித்துக்கொண்டு பாலத்தை உடைத்தார்கள். அண்ணனும் போய்ச் சேர்ந்தான், தம்பியும் போய்ச் சேர்ந்தான். பாலம் மட்டும் முப்பது வருஷமாக உடைந்தபடியே இருக்கிறது. அதை நீ ஒட்டவைக்கப் போயிருக்கிறாய். நான் வாளி வைத்திருக்கிறேன்.

இதை உப்பு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு கரைக்கும் உப்பு வேண்டும் என்பதால் அவரை மட்டும் யாரும் மறிப்பதில்லை.

இப்படிக்கு,
உன் இளையதாரம்


ஆற்றங்கரைப் பாசறை
மழை மாதம், 9

வாத்தியாருக்கு,

கடிதத்தை உதறினால் ஒரு கைப்பிடி உப்பு கொட்டியது. ஓடு, வாளி, சுவர், கூடை எல்லாவற்றின் நலமும் அறிந்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறேன்.

நான் புறப்பட்ட அன்று தெருவே வந்து முற்றத்தில் நின்றது. எண்ணெய்க் கடைக்காரர் அழுதார். அவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது, அவர்கூட அழுதார். உங்களை மட்டும் காணோம். மூத்தவள் எழும்பியதும் நேராகப் போகாமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள்தான் தேடினாள், நான் தேடவில்லை என்று எழுத ஆசைதான். எங்கே போயிருந்தீர்கள்?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். மூத்தவளை இக்கரையில் விட்டுவிட்டுப் படகில் மேல்கரைக்குப் போனேன். அவர்கள் பேரவைத் தலைவர் முன்னாள் படகோட்டி. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள்.

"அம்மா, நீங்க சொல்றது எல்லாம் நியாயம்தான். ஆனா நீங்க படகுல வந்து நியாயம் பேசறீங்க, உங்க நாகம் அக்கரையில உக்காந்து எங்களையே முறைச்சுக்கிட்டு இருக்கு. கத்தியை மடியில வச்சுக்கிட்டு கல்யாணம் பேசற மாதிரி இல்ல இருக்கு?"

"அதை என்ன செய்யச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா அதோட நிழலை மட்டும்தான் பாத்திருக்கோம். நிழல் விழுந்தா நிலவறைக்குள்ள ஓடுவோம். அது எங்களை ஒண்ணும் பண்ணினதில்ல, ஒத்துக்கறேன். ஆனா ஓடி ஓடி ஒரு தலைமுறையே வளந்துடுச்சு. எங்க சந்தைத் திடல்ல அது காலை ஊனட்டும். எங்க ஜனங்க பக்கத்துல போய் அது முகத்தைப் பாக்கட்டும். அன்னிக்கே கணவாய்க் கதவைத் திறந்துவிடறேன். உங்க ஆளும் எங்க ஆளும் சேர்ந்து நிப்போம்."

கேட்டது நியாயம்தான். ஆனால் நம் மூத்தவளின் குணம் உங்களுக்குத் தெரியும். தனக்கு வாசனை தெரிந்த ஆள் தரையில் நிற்காத இடத்தில் அவள் கால் வைக்க மாட்டாள். நான் முதுகில் இருந்து எவ்வளவு கெஞ்சினாலும் வட்டம்தான் அடிப்பாள். அதனால் அவளுக்குச் சேணம் பூட்டுகிற சேணக்காரரை முன்னதாகப் படகில் அனுப்பித் திடலில் நிற்க வைக்கப் போகிறேன். இந்தப் பாசறையிலும் அவர் நிற்பதால்தான் இறங்குகிறாள்.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். ஓட்டைப் பற்றி வேண்டாம்.

சவாரிக்காரி


வீடு
மழை மாதம், 14

அன்புள்ளவளுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்?

அன்று அடுப்பில் பால் இருந்தது. விட்டுவிட்டு வந்தால் பொங்கி வழிந்துவிடும் என்று நின்றேன். அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் நீங்கள் இருவரும் கூரைக்கு மேலே போய்விட்டீர்கள்.

சேணக்காரர் போகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவர் தைரியசாலி. பதட்டமில்லாத மனிதர். ஒரே சேணத்தோல் அங்கியை வருஷம் முழுக்கப் போட்டிருப்பார். எதிர்க்காற்றில் கூட அவர் வருவது தெரியும். நிற்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

எண்ணெய்க் கடைக்காரர் தினமும் உன்னை விசாரிக்கிறார். "என்ன வாத்தியாரே, வீடு வெறிச்சுன்னு இருக்கா?" என்றார். அப்படியெல்லாம் இல்லை, படிக்கவேண்டிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன என்றேன். "எதைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அவர் ஒரு கரண்டி எண்ணெய் அதிகமாக ஊற்றினார்.

இப்படிக்கு,
நான்


ஆற்றங்கரைப் பாசறை
மழை மாதம், 20

வாத்தியாருக்கு,

பாலா? நம் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்தான் நிறுத்தினேன். பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடாதா? கணக்கு வாத்தியார் ஆயிற்றே.

சண்டை போட நேரமில்லை. சேணக்காரர் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வைத்தியர் மூன்று மாதம் அசையக்கூடாது என்கிறார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். படகில் ஏற்றினால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று வைத்தியர் திட்டினார்.

மூத்தவளுக்கு வாசனை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி அவள் முதுகில் இருப்பாள். ஒருவர் கட்டிலில் கிடக்கிறார்.

உங்களை நான் எதற்கும் வற்புறுத்தியதில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவை கூட "வாங்க, ஏறுங்க" என்று சொன்னதில்லை. நீங்கள் தரையில் இருப்பீர்கள் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போதும் ஏறச் சொல்லவில்லை, நிற்கத்தான் சொல்கிறேன். பனி மாதம் எட்டாம் நாள் காலை, மேல்கரைச் சந்தைத் திடலில்.

அங்கே எல்லாரும் நம் மீது கோபமாகத்தான் இருப்பார்கள், மறைக்கவில்லை. கூரை மேல் வில்லோடு ஆள் நிற்பார்கள் என்று தலைவரே சொன்னார். நாகம் இறங்கவில்லை, வட்டம் மட்டும் அடித்தது என்றால் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் கணவாய் திறக்காது. மலையைத் தாண்டி வருகிறவன் மேல்கரை, கீழ்கரை என்று பார்த்து வெட்ட மாட்டான்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். பால் என்று எழுதாதீர்கள்.

சவாரிக்காரி


வீடு
மழை மாதம், 25

அன்புள்ளவளுக்கு,

என்னால் முடியாது என்பதற்குக் காரணங்களை ஒழுங்காக யோசித்து வைத்தேன். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. கூட்டத்தில் நாக்கு எழாது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வரவேற்புரை சொல்ல மேடையேறி, நன்றியுரையைச் சொல்லிவிட்டு இறங்கியவன் நான். வில்லோடு நிற்கிற ஆட்களுக்கு நடுவில் நான் நடுங்கினால் அதைப் பார்த்து அவர்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஒன்றும் காரணமாக இல்லை.

பால் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கதவு இடுக்கு வழியாக நீ சேணவாரை இழுத்துக் கட்டுவது தெரிந்தது, இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்ததும் தெரிந்தது. வெளியே வந்தால் எல்லார் முன்னிலையிலும் "போகாதே" என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். நாடே போகச் சொல்லும்போது ஒருவன் மட்டும் போகாதே என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

உப்பு வண்டிக்காரர் வாசலில் இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். வண்டியில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்குமா என்று கேட்டேன்.

"யாரு சார் வர்றது?"

"நான்தான்."

"உப்பு மூட்டை மேல உக்காருவீங்களா?"

"வேற எங்க உக்காரணும்?"

"அதுக்கில்ல சார். மழை வந்தா நீங்களும் சேர்ந்து கரைஞ்சுடுவீங்களோன்னு பாத்தேன்."

ஆகவே, வருகிறேன்.

நான்


ஆற்றங்கரைப் பாசறை
பனி மாதம், 1

வாத்தியாருக்கு,

இந்த முறை வண்டி பாசறைப் பக்கம் வராது, நேராகப் படகுத்துறைக்குப் போய்விடும் என்பதால் இந்தச் சீட்டை அங்கே கொடுத்து வைக்கிறேன். அக்கரையில் உங்களுக்கு விடுதி ஏற்பாடாகி இருக்கிறது. கம்பளியை மறக்காதீர்கள். பட்டுச்சட்டை, அங்கவஸ்திரம் என்று கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கிளம்பாதீர்கள். வீட்டில் போடுகிற அந்தப் பழுப்புச் சட்டை போதும்.

வண்டிக்காரர் முன்னதாக ஆள் மூலம் அனுப்பிய உங்கள் கடிதத்தை இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். போயிருப்பேன். ஆனால் சொல்லியிருக்கலாம்.

சவாரிக்காரி


மேல்கரை, சந்தைத் தெரு விடுதி
பனி மாதம், 7

அன்புள்ளவளுக்கு,

வந்து சேர்ந்தேன். படகில் என்ன நடந்தது என்று எழுதப்போவதில்லை. எனக்கும் ஆற்றுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

என் அறை மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் திடல். கல் பாவிய தரை, நடுவில் தண்ணீர்த் தொட்டி, நான்கு பக்கமும் கடைகள். ஒவ்வொரு கடைக்குக் கீழேயும் தரையோடு ஒரு மரக்கதவு. நிலவறைக்குப் போகிற வழி. கதவின் விளிம்புகள் கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. நீ மேலே இருந்து பார்த்தால் இது தெரியாது. இங்கே நின்றுதான் பார்க்கவேண்டும்.

விடுதிக்காரம்மா என் வயதுக்காரர். முதல் நாள் என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்த வேகத்தில் குழம்பு என் மடியில் தெறித்தது. இரண்டாம் நாள் பேசினார்.

"நீங்கதான் அந்த நாகத்துக்காரம்மா வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"எனக்கும் அப்படித்தான் தோணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வேளை தட்டு மெதுவாக வந்தது. நிழல் விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். நிலவறைப் படியில் ஓடும்போது விழுந்து கால் போனவளாம். "உங்க நாகம் ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா பறந்து போச்சு. அவ்வளவுதான்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று ஒரு நல்ல காரியம் செய்தார். உப்பு மூட்டை, ஆற்றுத்தண்ணீர், குழம்பு எல்லாம் பட்டு என் பழுப்புச் சட்டை பார்க்கச் சகிக்கவில்லை. "எங்க திடல்ல, எங்க ஜனங்க முன்னாடி, அழுக்குச் சட்டையோட விருந்தாளி நின்னா எங்களுக்குத்தானே அசிங்கம்?" என்று பிடுங்கிக்கொண்டு போனார். கொதிக்க வைத்து, வாசனைச் சோப்புப் போட்டு, கஞ்சியில் முக்கி, பெட்டி தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார். பழுப்புச் சட்டை என்று இனிமேல் சொல்ல முடியாது. வெள்ளை. வெந்நீர் வைத்து என்னையும் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். எதிரி வீட்டில் இப்படி ஓர் உபசாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நாளைய காரியம் நல்லபடியாக முடியும் என்று முதல்முறையாகத் தோன்றுகிறது.

நாளை உன்னைப் பார்ப்பேன்.

நான்


கணவாய்க்குப் போகும் வழியில்
பனி மாதம், 11

வாத்தியாருக்கு,

மூத்தவளைப் பாசறையில் சேணக்காரர் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்துதான் போகிறேன். உங்கள் விடுதிக் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. எல்லாம் முடிந்து மூன்று நாள் கழித்து. படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன். கூடவந்த மேல்கரை வீரர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

மேலே இருந்த எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? திடல் நிறைய ஜனம். நடுவில் வட்டமாகக் காலி இடம். அதில் வெள்ளையாக ஓர் உருவம். இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. முதல் வட்டத்தில் தாழ்ந்தாள், மூக்கை நீட்டினாள், சட்டென்று மேலே ஏறிவிட்டாள். இரண்டாம் வட்டத்திலும் அப்படியே. கழுத்தைத் தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன், "அடியே, அது நம்ம ஆளுடி!" என்று கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கீழே ஜனங்கள் ஓடத் தொடங்கியது தெரிந்தது. நிலவறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கூரைகளில் விற்கள் உயர்ந்தன. நடுவில் நீங்கள்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். திரும்பினால் அவர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்பதுதான் என் நினைப்பாக இருந்தது. நாடு, கணவாய், பேரவை ஒன்றும் நினைவில் இல்லை. இதை வெளியே சொல்லாதீர்கள்.

அப்புறம் கீழே இருந்து ஒரு பெரிய சத்தம். அலறல் என்று நினைத்தேன், பிறகு பாட்டு மாதிரி இருந்தது, சிரிப்பு மாதிரியும் இருந்தது. மூத்தவள் காதை விடைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். தானாகவே சிறகை மடக்கி இறங்கிவிட்டாள்.

என்ன செய்தீர்கள்? நான் இறங்கியதும் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார், ஜனம் சூழ்ந்துகொண்டது. அதற்குள் எதிரிப் படை மலையை நெருங்கிவிட்டதாகத் தூதன் வந்தான். உங்கள் பக்கத்தில் வந்து நின்று நான் கேட்டது "சாப்பிட்டீங்களா?" ஒன்றுதான். நீங்கள் சொன்னது "ம்" ஒன்றுதான்.

அத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

சவாரிக்காரி


மேல்கரை, சந்தைத் தெரு விடுதி
பனி மாதம், 15

அன்புள்ளவளுக்கு,

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் வட்டத்தில் அவள் விலகிப்போனதும், முதல் நாளிலிருந்து என்னை அவளுக்குப் பிடிக்காது, இப்போது காட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வட்டத்தில் என் சட்டைக் காலர் மூக்கில் இடித்தது. சோப்பு மணம். அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற விடுதிக்காரம்மாவைப் பார்த்து, "அம்மா, சட்டை!" என்றேன்.

"ஏன், கறை போகலையா?"

"போயிடுச்சும்மா. எல்லாமே போயிடுச்சு."

வில் நாண்கள் இழுபடும் சத்தம் கேட்டது. பயம் வந்தால் நான் என்ன செய்வேன்? வாய்ப்பாடு சொன்னேன். அவளைக் கூப்பிடவேண்டும் என்ற யோசனையெல்லாம் சத்தியமாக இல்லை. பிற்பாடு அப்படி யோசித்துச் செய்ததாக ஊரில் சொல்கிறார்கள், நீயாவது நம்பாதே. பயத்தில்தான் சொன்னேன். ஓரேழ் ஏழு. ஈரேழ் பதினாலு. பக்கத்தில் நின்ற ஓர் ஆள், "என்னய்யா முணுமுணுக்கறே? மந்திரமா?" என்றார். மந்திரம் என்று நினைத்துக்கொண்டால் அம்பு விடுவார்கள். அதனால் மந்திரமில்லை என்று தெரியட்டும் என்று குரலை உயர்த்தினேன். ஏழேழ் நாற்பத்தொன்பது. எட்டேழ் ஐம்பத்து நாலு.

உனக்குத் தெரியும், அந்த இடத்தில் எனக்கு எப்போதும் தவறும். முதன்முதலாக அவளுக்குத் தீனி வைத்த அன்று சரியாக எட்டேழில் அவள் தும்மினாள். அன்றிலிருந்து அந்தக் கொட்டகை வாசலில் எனக்கு எட்டேழ் ஐம்பத்து நாலுதான். வகுப்பில் தவறியதே இல்லை, அவள் முன்னால் சரியாகச் சொன்னதே இல்லை.

விடுதிக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஐம்பத்தாறு!"

அவருக்கு நிஜமாகவே கோபம். நான் பதறிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் ஐம்பத்து நாலு. இந்தத் தடவை ஒரு இருபது முப்பது பேர், "ஐம்பத்தாறுய்யா!" என்றார்கள்.

"இவரு வாத்தியாராம்!"

"கீழ்கரையில இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க போல."

"அதானே பாத்தேன், முப்பது வருஷமா அவங்க கணக்கும் நம்ம கணக்கும் ஏன் ஒத்துவரலேன்னு!"

கூரை மேலிருந்த வில்லாளி ஒருவன் சிரித்ததில் அம்பு நழுவித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். நிலவறைப் படியில் பாதி இறங்கியவர்கள் என்ன சிரிப்பு என்று பார்க்க மேலே ஏறி வந்தார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது ஊரே என்னோடு சேர்ந்து ஓரேழ் ஏழு என்று பிடித்துக்கொண்டது. ராகம் கூட ஒன்றுதான், கவனித்தாயா? பாலம் உடைந்த பிறகு பிறந்தவர்களும் அதே ராகத்தில்தான் சொன்னார்கள். எட்டேழில் அவர்கள் ஐம்பத்தாறு என்று இடி மாதிரி சொல்ல, நான் தனியாக ஐம்பத்து நாலு என்று சொன்னேன். அப்போதுதான் தலைக்கு மேலே காற்று மாறியது.

மிச்சம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ தலைவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் சட்டையை முகர்ந்து பார்த்துத் தும்மினாள். சட்டையின் வலது கை முழங்கைவரை கருகிப்போயிற்று. "தேய்ச்சு மடிச்ச சட்டை!" என்று அலறிக்கொண்டு விடுதிக்காரம்மா ஓடிவந்து, மூத்தவளின் மூக்கில் ஒரு அடி வைத்தார். வைத்த பிறகுதான் எதை அடித்தோம் என்று உணர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு கால் போன அந்தத் தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அந்த அம்மாள் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். மூத்தவளின் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நம் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்


ஆற்றங்கரைப் பாசறை
பனி மாதம், 19

வாத்தியாருக்கு,

கணவாயில் நம் ஆட்களும் மேல்கரை ஆட்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஏழு என்று ஒருவன் சொன்னால் பத்துப் பேர் சிரிக்கிறார்கள். உங்களுக்கு "ஐம்பத்து நாலு" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று மலையின் அந்தப் பக்க அடிவாரத்தில் எதிரியின் முன்படை தெரிந்தது. இன்னும் சில நாளில் மோதல்.

நான் ஏன் பாசறையில் இருந்து எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கணவாயில் மூத்தவள் இறங்க மாட்டேன் என்கிறாள். விடிந்ததும் கிளம்பி அங்கே போகிறோம், பகல் முழுவதும் அந்தரத்திலேயே இருக்கிறோம், மாலையில் சேணக்காரரின் கட்டில் இருக்கிற இந்தக் கரைக்கே திரும்புகிறோம். நேற்றுத் திரும்பும்போது ஆற்றின் நடுவில் களைப்பில் அவள் சிறகு தாழ்ந்தது. என் கால் தண்ணீரில் நனைந்தது.

இதைச் சொன்னதால் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூப்பிடவில்லை. திடல் வேறு, கணவாய் வேறு. அங்கே நிஜமாக அம்பு விழும். நீங்கள் செய்தது போதும். வீட்டுக்குப் போங்கள், ஓட்டை மாற்ற ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஏறாதீர்கள்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு நாள் ஒன்றுமே பேசாமல் இருக்கவேண்டும் போல இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

சவாரிக்காரி


கணவாய் அடிவாரம், மரத்தடி முகாம்
பனி மாதம், 24

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். நீ சொன்னதைச் செய்வதுதான் முறை என்று மூட்டை கூடக் கட்டிவிட்டேன். உப்பு வண்டிக்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். இடதுபக்கம் ஆறு, வலதுபக்கம் மலை. நான் மலையைப் பார்த்தேன். "மலைக்கும் உப்பு வேணும் சார், எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

இங்கே பாறைகளுக்கு நடுவில் சமதரையாக ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறேன். அவள் சிறகை மடக்க இடம் போதும். நடந்து அளந்து பார்த்துவிட்டேன். அம்பு எட்டுகிற தூரமா என்று காவலாளியிடம் கேட்டேன். எட்டாது என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அனேகமாக எட்டாது என்றான். அந்த "அனேகமாக"வை நினைத்து இரண்டு நாளாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பயந்துகொண்டேதான் நிற்கிறேன். எனக்குத் தெரிந்த வரையில் அவளுக்கு அடையாளம் தெரிவது அப்படி நிற்கிற ஆளைத்தான்.

நீ காலையில் கிளம்பும்போது நான் இங்கே வெளியே நிற்பேன். கதவு எதுவும் இல்லை. மாலையில் திரும்பும்போதும் நிற்பேன். போகாதே என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். நீ போகவேண்டும். ஆனால் சொல்வேன்.

விடுதிக்காரம்மா புறப்படும்போது ஒரு புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார். மடித்து மூட்டையில் வைத்திருக்கிறேன், நாம் வீட்டுக்குப் போகிற அன்று போட்டுக்கொள்வேன். இப்போது போட்டிருப்பது அந்தப் பழையதுதான், கருகிய கையோடு. விறகுப் புகையும் உப்பும் வியர்வையுமாக, மெல்ல மெல்லப் பழுப்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் காற்று வீசும் திசையைப் பார்த்து இடம் மாறிப் படுக்கிறார்.

இதை வண்டிக்காரரிடம் கொடுக்கலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். முகாமில் எல்லாரும் எழுந்து நின்று மேலே பார்க்கிறார்கள். யாரோ "ஓரேழ்" என்று ஆரம்பிக்கிறார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைக்கிறேன். கையிலேயே தந்துவிடுகிறேன்.

சட்டையைத் துவைக்கவில்லை. இறங்கு.